நாலு வருஷம் வெளியே ஆடாமல் வந்து ஜெயிக்க முடியுமா? ரஷ்ய ஜிம்னாஸ்ட்கள் தயாராகும் விதம் பற்றி

மொட்டைமாடி | பதிவு 1

2025 ஜகார்த்தா உலக ஜிம்னாஸ்டிக்ஸ் சாம்பியன்ஷிப்பில் பெண்கள் ஆல்-ரவுண்ட் ஃபைனல் நடந்தபோது நான் ஆபீஸில் மாட்டிக்கொண்டிருந்தேன். (ஆல்-ரவுண்ட் என்றால் வால்ட், பார்ஸ், பீம், ஃப்ளோர் நாலின் ஸ்கோரையும் கூட்டிப் பார்ப்பது: ஓடி வந்து மேசையில் கை ஊன்றித் தாவுவது, இரண்டு கம்பி, ஒடுக்கமான உயரக் கட்டை, தரை.) மேசைக்கு அடியில் மொபைலை வைத்து ஸ்கோரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ரஷ்யாவின் மெல்னிகோவா 55.066, அமெரிக்காவின் லீன் வாங் 54.966. வித்தியாசம் 0.1! எதிரே மேனேஜர் உட்கார்ந்திருந்ததால் வாயைத் திறக்க முடியவில்லை.

கேள்வி இதுதான். 2021 அக்டோபரில் ஜப்பானின் கிடாக்யூஷுவில் மெல்னிகோவா உலக ஆல்-ரவுண்ட் தங்கம் வாங்கினார். 2022 மார்ச்சில் உக்ரைன் போரையொட்டி ரஷ்ய, பெலாரஸ் ஜிம்னாஸ்ட்களுக்கு சர்வதேசக் கூட்டமைப்பு தடை போட்டது. லிவர்பூல் உலக சாம்பியன்ஷிப் போச்சு, ஆண்ட்வெர்ப் போச்சு, பாரிஸ் ஒலிம்பிக்ஸும் போச்சு. ஜகார்த்தாவில் அவருக்கு 25 வயசு. திரும்பி வந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பிலேயே ஆல்-ரவுண்ட் தங்கம், வால்ட்டில் இன்னொரு தங்கம், பார்ஸில் வெள்ளி.

கிரிக்கெட்டில் ஆறு மாசம் ஆடாமல் வந்தால் "டச் போயிடுச்சு" என்கிறோம். இங்கே அது எப்படிப் போகாமல் இருந்தது? அவர்கள் என்னதான் செய்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "ரஷ்யாக்காரங்க அப்படித்தான்" என்று மட்டும் எழுத வேண்டாம்.

புதுவரவு | பதிவு 2

ரஷ்யாக்காரங்க அப்படித்தான் 😄

கோச்சம்மா | பதிவு 3

நான் மாநில அளவில் ஆடிட்டு இப்ப சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ரஷ்யா போனது கிடையாது. ஆனா இருபது வருஷமா அந்த டீமைப் பைத்தியம் மாதிரி பின்தொடர்றவள்.

மாஸ்கோவுக்கு வடக்கே ஓசெரோ க்ருக்லோயேன்னு ஒரு இடம். நேரா தமிழ்ல சொன்னா வட்ட ஏரி. பெரிய போட்டிக்கு முன்னாடி தேசிய அணி மொத்தமும் அங்கேதான் தங்கும். இந்த முகாமை 'ஸ்போரி'ம்பாங்க. வீடு எங்கோ இருக்கும், குடும்பம் எங்கோ இருக்கும், வருஷத்துல பெரும்பகுதி அங்கேயே கழியும். காலையில ஒரு பயிற்சி, சாயங்காலம் ஒரு பயிற்சி. நடுவுல மசாஜ், அப்பப்ப நீராவிக் குளியல். வெளியிலிருந்து பார்த்தா ஹாஸ்டல் வாழ்க்கைதான்.

மோகனுக்கோ மாடிக்கோ (உங்க பேர் என்னன்னு தெரியலை!) நான் சொல்ல வர்ற விஷயம் அந்த ஹாஸ்டல் இல்ல. அங்கே நடக்கிற 'ப்ரிகீத்கா'. தேரோட்டத்துக்கு முன்னாடி வெள்ளோட்டம் விடுவோமே, அதேதான். ஒரு சாதாரண நாள்ல, கூட்டமே இல்லாத ஹால்ல, போட்டி உடையைப் போட்டுக்கிட்டு, நடுவர்கள் முன்னாடி ஒரே ஒரு தடவை செய்யணும். விழுந்தா விழுந்ததுதான், "இன்னொரு வாட்டி பண்றேன்"ங்கிற பேச்சே கிடையாது. மார்க் போடுவாங்க. டீம்ல யாரு உள்ளே, யாரு வெளியேங்கிறதுல அந்த மார்க்குக்கும் பங்கு உண்டு.

எங்க பிள்ளைங்க ஒரு எலிமென்ட்டை, அதாவது ஒரு வித்தையை, பத்துத் தடவை செஞ்சு எட்டுத் தடவை நின்னா கைதட்டுவோம். ப்ரிகீத்கால எட்டுக்கு மதிப்பில்ல. முதல் தடவை நின்னியா, அது மட்டும்தான் கேள்வி.

தடை இருந்த காலத்துல மெல்னிகோவா சும்மா இருக்கலை. உள்நாட்டுப் போட்டிகள் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. பென்சால, கலுகால, கசான்ல. உலகம் பார்க்கலைன்னா போட்டியே நடக்கலைன்னு ஆயிடுமா? நாலு வருஷமும் அவங்களுக்கு வெள்ளோட்டந்தான். தேரை மட்டும் யாரும் வெளியே எடுக்க விடலை.

கணக்குப்பிள்ளை | பதிவு 4

கோச்சம்மா சொல்வதோடு பாதி ஒத்துப்போகிறேன். மீதிப் பாதிக்கு டோக்கியோ ஒலிம்பிக்ஸின் பெண்கள் அணி ஃபைனலை நினைவுபடுத்துகிறேன், 2021 ஜூலை 27.

ரஷ்ய அணியில் உரசோவா, மெல்னிகோவா, லிஸ்துனோவா, அஹைமோவா. இரண்டு சுற்று முடிந்தபோது நல்ல முன்னிலை. மூன்றாவது பீம். உரசோவா விழுந்தார். அடுத்து கேப்டன் மெல்னிகோவாவும் விழுந்தார். ஒரு விழுதலுக்கு ஒரு முழுப் புள்ளி கழியும். அணி ஃபைனலில் மூன்று பேர் ஏறி மூன்று ஸ்கோரும் கணக்கில் சேரும், ஒன்றைத் தள்ளிவிட்டுத் தப்பிக்க வழியில்லை. அமெரிக்காவோடு இருந்த இடைவெளி ஒரு புள்ளிக்கும் கீழே வந்துவிட்டது. அமெரிக்காவின் நட்சத்திரம் சிமோன் பைல்ஸ் முதல் சுற்று வால்ட்டோடு விலகியிருந்தும் இந்த நிலைமை.

வெள்ளோட்டத்தில் அத்தனை முறை நின்றவர்கள்தானே? பிறகு ஏன் இரண்டு பேர் விழுந்தார்கள்?

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். கடைசிச் சுற்று ஃப்ளோர். எவரும் தடுமாறவில்லை. முடிவு 169.528, அமெரிக்கா 166.096. ஒலிம்பிக் பெண்கள் அணித் தங்கம் 1992-க்குப் பிறகு அப்போதுதான் அந்தப் பக்கம் போனது.

என் முடிவு: ப்ரிகீத்கா விழாமல் இருக்கச் சொல்லித் தருவதில்லை. விழுந்த பிறகு அடுத்த கருவிக்கு எப்படி நடந்து போக வேண்டும் என்பதைத்தான் சொல்லித் தருகிறது.

கோச்சம்மா | பதிவு 5

கணக்கு, இதை நான் என் நோட்டுல எழுதி வச்சுக்கிறேன்.

மொட்டைமாடி | பதிவு 6

என் பெயர் மோகன் இல்லை அக்கா 🙂 'மாடி' போதும்.

பீமில் விழுந்தால் எவ்வளவு நேரத்துக்குள் ஏற வேண்டும்?

கணக்குப்பிள்ளை | பதிவு 7

பீமில் 10 விநாடி, பார்ஸில் 30 விநாடி. பீமின் அகலம் 10 செ.மீ., நீளம் 5 மீட்டர், உயரம் 125 செ.மீ.

ஆண்கள் அணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது முந்தைய நாள், ஜூலை 26. ரஷ்யா 262.500, ஜப்பான் 262.397. 0.103 வித்தியாசம். ஆறு கருவிகள், மொத்தம் 18 ஆட்டங்கள், எல்லாம் கூட்டி முடித்தபோது மிச்சம் அவ்வளவுதான். லேண்டிங்கில் ஒரே ஒரு சின்ன அடி எடுத்து வைத்தாலே 0.1 போய்விடும். கடைசியாக ஃப்ளோரில் நகோர்னி முடித்துவிட்டு ஸ்கோர் வரும்வரை நின்ற நிலையைப் பார்த்தால் கல்லும் கரையும்.

தெற்கு வீதி | பதிவு 8

நான் கனடாவில இருக்கிறன். 2017 உலக சாம்பியன்ஷிப் மொன்றியலில நடக்கேக்க நேர போய்ப் பாத்தனான். டிவில தெரியாத ஒரு விசயத்தைச் சொல்லுறன்.

பார்ஸுக்கு ஏற முதல் ஒவ்வொரு ஆளுக்கும் 50 செக்கன்தான் வார்ம்-அப். அந்த 50க்குள்ளதான் கம்பிக்கு சாக் (கை வழுக்காமலிருக்கப் போடுற வெள்ளைத் தூள்) பூசுறதும். ரஷ்யப் பெட்டையளும் கோச்மாரும் அதைச் செய்யிற விதம் இருக்கே, கலியாண வீட்டில பந்தி விளம்புற மாதிரி. ஒராள் தண்ணி தெளிக்க, ஒராள் சாக் கட்டியாலை தேய்க்க, மேல் கம்பி ஒராள், கீழ்க் கம்பி ஒராள். ஒரு வார்த்தை பேச்சில்லை. பெட்டை ஏறி ரெண்டு மூண்டு எலிமென்ட் மட்டும் செய்து பாத்திட்டு இறங்குறா. முழு ரூட்டினும் செய்யிறதில்லை. எங்கட பக்கத்தில இருந்த ஒரு கனடாக்காரி சொன்னா, "அவங்கள் இதையும் பழகிப்போட்டுத்தான் வாறவை" எண்டு. அது உண்மையா எண்டு கோச்சம்மாதான் சொல்ல வேணும்.

அந்த முறை யெலேனா யெரேமினா எண்ட பெட்டை பார்ஸில வெள்ளி, ஆல்-ரவுண்டில வெண்கலம். என்ன வடிவான கோடு அவவின்ரை உடம்பில! அடுத்த வருசம் அவவைக் காணேல்லை. முதுகு.

இதையும் சேர்த்து எழுதுங்கோ. தங்கத்தை மட்டும் எண்ணாதேங்கோ.

கோச்சம்மா | பதிவு 9

தெற்கு வீதி, உண்மைதான். வார்ம்-அப்புக்கே தனியா பயிற்சி உண்டு. ஸ்டாப்வாட்ச் வச்சு. சாக் சரியா பிடிக்கலைன்னா கை வழுக்கும், ரொம்ப அப்பினா கை கம்பியில ஒட்டி உள்ளங்கைத் தோல் உரிஞ்சு வரும். அதனாலதான் யாருக்கு எவ்வளவு தண்ணி, எவ்வளவு சாக்ங்கிறது கோச்சுக்கு மனப்பாடமா இருக்கணும். இன்னொண்ணு, டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல தனிக் கருவி ஃபைனலுக்கு மேடையில அந்த 50 செகண்டும் கிடையாது. பின்னால இருக்கிற ஹால்ல உடம்பைச் சூடு பண்ணிட்டு, பேர் கூப்பிட்டதும் நேரா ஏற வேண்டியதுதான். 'முதல் தடவையே நிக்கணும்'ங்கிற பழக்கம் எங்கே உதவுதுன்னு இப்ப புரியுதா?

சேது | பதிவு 10

எல்லாரும் வட்ட ஏரியைப் பற்றி ஏதோ தபோவனம் மாதிரி எழுதுகிறீர்கள். ஒரே ஒரு பெயர் சொல்கிறேன். யெலேனா முஹினா.

சோவியத் ஜிம்னாஸ்ட். 1978-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் உலக ஆல்-ரவுண்ட் சாம்பியன். 1979-இல் கால் முறிந்தது. எலும்பு சரியாகச் சேர்வதற்குள் மறுபடி பயிற்சி. மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்கு அணியில் இடம் வேண்டும், அதற்கு ஃப்ளோரில் ஒரு 'பெரிய' எலிமென்ட் வேண்டும். தாமஸ் சால்ட்டோ. ஆண்கள் செய்துகொண்டிருந்தது. காற்றில் சுற்றி, முறுக்கி, கடைசியில் காலில் நிற்காமல் உருண்டு எழ வேண்டும். உயரம் கொஞ்சம் குறைந்தால் உருள்வதற்குப் பதில் தாடை தரையில் இறங்கும்.

பயமாக இருக்கிறது, கழுத்து முறிந்துவிடும் என்று கோச் கிலிமென்கோவிடம் சொல்லியிருக்கிறார். உன்னை மாதிரி ஆட்களுக்குக் கழுத்து முறியாது என்று பதில் வந்ததாம். இதை அவரே பின்னாளில் பேட்டியில் சொன்னார். 1980 ஜூலை 3, மின்ஸ்கில் முகாம். ஒலிம்பிக்ஸ் தொடங்க 16 நாள். தாடை தரையில் இறங்கியது. வயது 20. கழுத்துக்குக் கீழே உடம்பு அசையவில்லை. 26 வருஷம் அப்படியே இருந்து 2006 டிசம்பரில் இறந்தார்.

தரையில் கிடந்தபோது முதலில் என்ன தோன்றியது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அப்பாடா, இனி ஒலிம்பிக்ஸுக்குப் போக வேண்டியதில்லை.

இதைப் படித்துவிட்டு வெள்ளோட்டம், பந்தி பரிமாறல் எல்லாம் எழுதுங்கள்.

மொட்டைமாடி | பதிவு 11

...

இது எனக்குத் தெரியாது.

கோச்சம்மா | பதிவு 12

சேது, நீங்க எழுதினதுல ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்கலை. என் கிளாஸ்ல பெரிய பிள்ளைங்க சேரும்போது பெத்தவங்களை உட்கார வச்சு முஹினா கதையைச் சொல்லிட்டுத்தான் ஃபீஸே வாங்குறேன்.

ஆனா அதுக்கப்புறம் எதுவுமே மாறலைன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். அந்த எலிமென்ட் பெண்களுக்குத் தடை ஆச்சு. பின்னால அந்த மாதிரி உருண்டு எழுறது ஆண்களுக்கும் தடை ஆச்சு. சீனியர் வயசு 1981-ல 15, 1997-லிருந்து 16.

இன்னும் முக்கியமா ரஷ்யாவோட முஸ்தாஃபினாவைப் பாருங்க. 2010 ரோட்டர்டாம்ல உலக ஆல்-ரவுண்ட் சாம்பியன், வயசு 16. 2011 ஏப்ரல், பெர்லின்ல ஐரோப்பிய சாம்பியன்ஷிப், வால்ட்டுல ரெண்டரை முறுக்கு போட்டு இறங்கும்போது இடது முழங்கால் லிகமென்ட் கிழிஞ்சுது. ஜெர்மனியில ஆபரேஷன். அந்த வருஷ உலக சாம்பியன்ஷிப்புக்கு ஓடுன்னு அவங்களை யாரும் தள்ளலை. விட்டுட்டாங்க. டிசம்பர்லதான் திரும்பி வந்தாங்க.

வந்தப்புறம் என்ன செஞ்சாங்கங்கிறதுதான் எனக்குப் பாடம். அந்த ரெண்டரை முறுக்கை மறுபடி தொடலை. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல ரெண்டு முறுக்கோட நிறுத்திக்கிட்டாங்க. கால் தாங்காத இடத்துல விட்ட புள்ளியை, கால் படாத இடத்துல சம்பாதிச்சாங்க. பார்ஸ்! தங்கம், 16.133. மொத்தம் நாலு மெடல். லண்டன்ல வேற எந்த ஜிம்னாஸ்ட்டுக்கும் அவ்வளவு இல்ல. நாலு வருஷம் கழிச்சு ரியோவுலயும் பார்ஸ் தங்கம். 2017-ல பெண் குழந்தை பிறந்துச்சு, 2018 தோஹா உலக சாம்பியன்ஷிப்ல மறுபடி டீமோட வெள்ளி.

உடம்பு எதை இனிமே தராதுன்னு ஒத்துக்கிறதும் தயாரிப்புதானே.

கணக்குப்பிள்ளை | பதிவு 13

லண்டன் என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆல்-ரவுண்டில் முஸ்தாஃபினா பீமில் விழுந்தார். ஆலி ரைஸ்மனும் அவரும் இருவருமே 59.566. சமநிலையை உடைக்க, நான்கில் மோசமான ஸ்கோரைத் தள்ளிவிட்டு மற்ற மூன்றைக் கூட்டினார்கள். விழுந்தவருக்கு விழுந்த ஸ்கோரே கழிந்துபோனது! வெண்கலம் முஸ்தாஃபினாவுக்கு. விழுந்ததால் ஜெயித்த கதை இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

சேது | பதிவு 14

முஸ்தாஃபினா சரி. ரஷ்ய ஆண்கள் அணியின் தலலோயான்? 2021 ஏப்ரலில் குதிகால் நாண் அறுந்து ஆபரேஷன். ஜூலையில் டோக்கியோ ஃப்ளோரில் குதிக்கிறார், வால்ட் செய்கிறார். மூன்று மாதம்! சாதாரண மனிதன் மூன்று மாதத்தில் ஓடவே தயங்குவான். எல்லோரும் "வீரம்" என்று கைதட்டினார்கள். தங்கம் 0.103-இல் வந்ததால் அது வீரம். அந்தக் கால் மறுபடி அறுந்திருந்தால்?

கோச்சம்மா | பதிவு 15

இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. என் மாணவியா இருந்தா விட்டிருக்க மாட்டேன். அவங்க கோச்சா இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு சத்தியமா தெரியலை.

தெற்கு வீதி | பதிவு 16

உதுதான் நேர்மையான பதில்.

வால்காவிலிருந்து | பதிவு 17

ரஷ்யா என்றால் ரஷ்யாதான் சார். 1952-இலிருந்து 1992 வரை ஆடிய ஒலிம்பிக்ஸ் எல்லாவற்றிலும் பெண்கள் அணித் தங்கம் அவர்களுக்கே. 1984-இல் போகவில்லை, அதனால் அது கணக்கில் வராது. லத்தினினா மட்டும் 18 மெடல். இதற்கு இணையான தயாரிப்பு உலகத்தில் எங்கே உண்டு?

கணக்குப்பிள்ளை | பதிவு 18

வால்கா, மன்னிக்கவும். அது சோவியத், ரஷ்யா அல்ல. லத்தினினா பிறந்தது உக்ரைனின் கெர்சோனில். இன்னொரு சோவியத் நட்சத்திரம் கோர்புட் பெலாரஸ். சோவியத் உடைந்த பிறகு 1992 பார்சிலோனாவில் 'ஒருங்கிணைந்த அணி' தங்கம் வாங்கியதே, அந்த ஆறு பேரைப் பாருங்கள்: குத்சு, லிசென்கோ இருவரும் உக்ரைன், போகின்ஸ்கயா பெலாரஸ், கலியேவா, சுசொவிதினா உஸ்பெகிஸ்தான், ரஷ்யாவுக்கு குருத்னேவா ஒருவர்தான். 2021 தங்கத்தை "29 வருஷத்துக்குப் பிறகு திரும்பி வந்தது" என்று ரஷ்யத் தொலைக்காட்சி கொண்டாடியது போல நாமும் எழுதக் கூடாது. அதுதான் ரஷ்யப் பெண்களின் முதல் ஒலிம்பிக் அணித் தங்கம். நான் மேலே "அந்தப் பக்கம்" என்று பூசி மெழுகியதும் தப்புதான்.

(சுசொவிதினா அதையும் சேர்த்து டோக்கியோ வரை எட்டு ஒலிம்பிக்ஸ் ஆடினார். 25 வயதைப் பற்றி மாடி சொன்னது அவர் காதில் விழ வேண்டாம்.)

வால்காவிலிருந்து | பதிவு 19

கோச், முறை, பள்ளி எல்லாம் மாஸ்கோவிலிருந்து வந்ததுதானே? அதைவிட இன்னொன்று. விளையாட்டு வீரர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஜகார்த்தாவில் கொடி இல்லை, கீதம் இல்லை, 'நடுநிலை' வீரராம். மெல்னிகோவா குண்டு போட்டாரா?

சேது | பதிவு 20

2022 மார்ச்சில் தோஹா உலகக் கோப்பை மேடையில் இவான் குல்யாக் என்ற ரஷ்ய ஜிம்னாஸ்ட் நெஞ்சில் 'இசட்' எழுத்தை ஒட்டிக்கொண்டு நின்றார். ரஷ்யப் பீரங்கிகளில் இருந்த அதே குறி. அதே மேடையில் தங்கத்தோடு நின்றவர் உக்ரைனின் இலியா கொவ்துன். குல்யாக்குக்கு ஓராண்டுத் தடை. "விளையாட்டு வேறு, போர் வேறு" என்பதை முதலில் உடைத்தது யார்?

கொவ்துனும் போட்டிக்குத் தயாராகிறவர்தான். ஊரில் குண்டு விழும்போது தயாராகி பாரிஸில் பேரலல் பார்ஸில் வெள்ளி வாங்கினார். அதற்கும் ஒரு இழை திறங்கள்.

தெற்கு வீதி | பதிவு 21

குண்டுச் சத்தத்துக்குள்ள பரீட்சைக்குப் படிச்ச ஆக்கள் நாங்கள். கொவ்துன் எப்பிடித் தயாராகியிருப்பார் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்லை. அதே நேரம் மெல்னிகோவா ஆடுறதைப் பாத்து நான் கையும் தட்டினனான். ரெண்டும் எனக்குள்ள இருக்கு. என்ன செய்யிறது.

நெறியாளர் | பதிவு 22

போர் பற்றிய விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். யாருடையவை என்று அவர்களுக்குத் தெரியும்.

புதுவரவு | பதிவு 23

பதிவு 2 போட்டதற்கு மன்னிப்பு. எனக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் தீபா கர்மாகர் மட்டும்தான் தெரியும். அவர் செய்த ப்ரொடுனோவா ரஷ்யப் பெயர்தானே?

கோச்சம்மா | பதிவு 24

வாங்க புதுவரவு! நல்ல கேள்வி.

யெலேனா ப்ரொடுனோவா, ரஸ்தோவ் ஊர்க்காரி. ஓடி வந்து கையை ஊன்றி, முன்பக்கமா ரெண்டு குட்டிக்கரணம். 1999-ல போட்டியில செஞ்சு அவங்க பேர் நிலைச்சுப்போச்சு. இப்ப வால்ட்டுன்னா நீங்க பார்க்கிறது அகலமான மேசை. அது 2001-லதான் வந்துச்சு. ப்ரொடுனோவா செஞ்சது பழைய ஒடுக்கமான 'குதிரை' மேல. கை ஊன்ற இடமே ஒரு சாண், ரெண்டு சாண். நினைச்சாலே எனக்கு மணிக்கட்டு வலிக்குது.

முன்பக்கக் கரணத்துல பிரச்சினை என்னன்னா இறங்கும்போது தரை கண்ணுல படாது. பின்பக்கமா சுத்தினா கடைசி நேரத்துல மேட் தெரியும். முன்பக்கமா சுத்தினா உடம்புதான் கணக்கு வைக்கணும். தீபா ரியோவுல இறங்கினப்ப கிட்டத்தட்ட உட்கார்ந்துட்டு எழுந்தாங்களே, அந்தக் காரணம்தான். 15.066, நாலாவது இடம். வெண்கலத்துக்கு 0.150 குறைச்சல். அந்த ஃபைனல்ல வெள்ளி ரஷ்யாவின் மரியா பசேகாவுக்கு. பசேகா ப்ரொடுனோவா செய்யலை! ரஷ்யப் பேர் கொண்ட வால்ட்டை அகர்தலாப் பொண்ணு செஞ்சாங்க, ரஷ்யப் பொண்ணு வேற வால்ட் செஞ்சு மெடல் வாங்கினாங்க. அவங்க ஊர்ல ஒரு எலிமென்ட் எவ்வளவு புள்ளி தரும்ங்கிறதோட எத்தனை தடவைக்கு எத்தனை தடவை நிக்கும்னும் சேர்த்துப் பார்த்துத்தான் வைப்பாங்க. எங்ககிட்ட அந்தக் கணக்குப் போட வசதியே இல்ல. தீபாவுக்கு மெடல் வட்டத்துக்குள்ள போக அந்த 7.0 கஷ்ட மதிப்பு ஒண்ணுதான் வழி.

கணக்குப்பிள்ளை | பதிவு 25

குதிரை என்றதும் சிட்னி 2000. பெண்கள் ஆல்-ரவுண்ட் ஃபைனலில் வால்ட் குதிரையை 125 செ.மீ.க்குப் பதில் 120-இல் வைத்துவிட்டார்கள். சுற்றுகள் ஓடிக்கொண்டிருந்தன, விழுந்துகொண்டே இருந்தார்கள், ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ஆஸ்திரேலியாவின் அலானா ஸ்லேட்டர்தான் உயரம் சரியில்லை என்று சொன்னார். அதற்குள் தங்கம் வாங்க வேண்டிய ரஷ்யாவின் ஹோர்கினா வால்ட்டில் முழங்காலில் விழுந்து, அந்த அதிர்ச்சியோடு பார்ஸுக்குப் போய் அங்கேயும் விழுந்திருந்தார். மறுபடி வால்ட் செய்யலாம் என்றார்கள். பார்ஸ் போனது போனதுதானே?

மூன்று முறை உலக ஆல்-ரவுண்ட் சாம்பியன் ஆனவருக்கு ஒலிம்பிக் ஆல்-ரவுண்ட் தங்கம் கடைசிவரை கிடைக்கவில்லை. இத்தனைக்கும் 165 செ.மீ. உயரம். அந்த உயரத்துக்குப் பார்ஸே இடிக்கும் என்று, கோச் பில்கின் பெல்கரதில் உட்கார்ந்து அவருக்கென்றே எலிமென்ட்களை யோசித்து யோசித்துச் செய்தார். அந்தத் தயாரிப்பு அத்தனையையும் யாரோ ஒருவர் திருகிய அந்த 5 செ.மீ. தின்றுவிட்டது.

கோச்சம்மா | பதிவு 26

5 செ.மீ. பத்தி ஒரு சொந்தக் கதை. போன வருஷம் ஒரு ஊர்ல போட்டி. ஊர் பேர் வேண்டாம். ஸ்ப்ரிங் போர்டை வழக்கமான தூரத்துல வைக்காம ஒரு கை அளவு தள்ளி வச்சிருந்தாங்க. என் பிள்ளை ஓடி வந்தா, கடைசி அடி குழறிப்போச்சு, போர்டுல ஏறாமலே நின்னுட்டா. எட்டு வயசு. அழுதுகிட்டே, "மிஸ், தரை நகர்ந்துடுச்சு"ன்னா.

அப்புறம் நான் என்ன பண்ணினேன் தெரியுமா? வட்ட ஏரியைப் பார்த்து காப்பி அடிச்சேன். மாசத்துல ஒரு சனிக்கிழமை வெள்ளோட்டம். போட்டி உடை, ஒரே ஒரு தடவை, பெத்தவங்க எதிர்ல உட்கார்ந்திருப்பாங்க. விழுந்தா கைதட்டணும்னு பெத்தவங்களுக்கு மட்டும் ஒரு விதி. அது அவங்க ஊர்ல கிடையாது, என் சேர்க்கை. சேது, முஹினாவுக்காக வச்சது.

சேது | பதிவு 27

சரி அக்கா. அந்த விதியை நானும் எடுத்துக்கொள்கிறேன். என் பையன் செஸ் ஆடுகிறான்.

மொட்டைமாடி | பதிவு 28

இழையைத் தொடங்கியபோது "மன உறுதி", "கடும் உழைப்பு" என்று நாலு வரி வரும் என்று நினைத்தேன். சாக் தெளிக்கிற 50 விநாடி வரை வருமென்று நினைக்கவில்லை.

நேற்று ராத்திரி ஒரு காரியம் செய்தேன். மாடியில் சாக்பீஸால் 10 செ.மீ. இடைவெளி விட்டு இரண்டு கோடு போட்டேன், 5 மீட்டர் நீளம். கைகளை விரித்துக்கொண்டு நடந்தேன். குதிக்கவில்லை, சுற்றவில்லை, சும்மா நடந்தேன். அந்தக் கடைசியில் திரும்பும்போது கால் வெளியே போய்விட்டது. தண்ணித் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த அம்மா, "தம்பி, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டார்.

கணக்குப்பிள்ளை | பதிவு 29

விழுதல்: 1.0 கழிவு. தண்ணித் தொட்டிக்கு விதிப்புத்தகத்தில் இடமில்லை.

கோச்சம்மா | பதிவு 30

மாடி, பத்து செகண்ட் ஓடிக்கிட்டிருக்கு. ஏறுங்க.